வரிசையில் நின்ற கல்

என் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் மீன் இருந்ததில்லை. கல், புல், தண்ணீர், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "மீன் எங்கே?" என்றுதான். அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. "இது மீனுக்கான தொட்டி இல்லை சார், தண்ணிக்குள்ள ஒரு மலை" என்பேன். சொல்லிவிட்டு, எதிராளியின் முகத்தில் மரியாதை வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அப்போது நான் அப்படியொரு ஆள்.

செம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டாயிரம் பிறந்த பிறகு மழை தொடர்ந்து ஏமாற்றிய காலம். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, அதன் நடுவில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். எனக்குக் கிண்டியில் இன்ஜினியர் வேலை. சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியதும் ஸ்டேஷன் பக்கத்து இன்டர்நெட் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அங்கேதான் ஒருநாள் ஜப்பான்காரர்கள் தொட்டிக்குள் கல் அடுக்கும் படங்களைப் பார்த்தேன். ஐந்தே கற்கள், கீழே குட்டைப் புல். மூன்றடிக் கண்ணாடிக்குள் ஒரு மலைத்தொடரே நின்றது. பிரின்ட் எடுத்து, மடிக்காமல் ஃபைலில் வைத்து எடுத்துவந்தேன். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை என்று என் மனைவி சொன்னாள்.

அதற்கு விதிகள் இருந்தன. கற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பெரிய கல் சரிநடுவில் நிற்கக்கூடாது, நீளத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் ஒரு கோட்டில் நிற்க வேண்டும். வெள்ளம் அடித்து அடித்துச் சாய்ந்ததுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மற்ற கற்கள் அதற்கு அடங்கி, அதே சாயலில், அதே நிறத்தில் இருக்க வேண்டும். சின்னக் கற்கள் நான்கு பல்லாவரம் பக்கம் வீடு கட்டுகிற இடத்தில் கிடைத்துவிட்டன. பெரியதுதான் அமையவில்லை. இரண்டு மாதம் தேடினேன். கோவளம் வரைக்கும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். அங்கே கரையில் கொட்டியிருந்த பாறை ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருந்தது.

எங்கள் காம்பவுண்டுச் சுவரையொட்டி, புங்க மர நிழலில், ஒரு இஸ்திரி வண்டி நின்றது. தெருக்கோடியில் வரிசை வீடுகளில் குடியிருந்த ஒரு பெண்மணி அதை நடத்தினார். புருஷன் இல்லை. மரம் என் மரம், சுவர் என் சுவர். வண்டியை அங்கே போட்டுக்கொள்ளச் சொன்னது நான்தான். சொன்னதை நான் ஒருநாளும் மறந்ததுமில்லை. என் சட்டைகள் மற்றவர்கள் துணிக்கு முன்னால் தேய்க்கப்பட்டு வந்துவிடும். அது இயல்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வரும். எங்கள் வீட்டில் இருநூறு அடிக்கு மேல் போர் போட்டிருந்தோம், மோட்டார் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர். அதனால் லாரி என்பது எனக்கு ஸ்கூட்டரை வெளியே எடுக்கவிடாத ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அங்கே யார் நிற்கிறார்கள், யார் முன்னால், யார் பின்னால் என்றெல்லாம் நான் பார்த்ததே கிடையாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில், தெருவில் காக்காய்கூட இல்லை. இஸ்திரி வண்டியை மூடி தார்ப்பாய் போட்டிருந்தது. தெருமுனையில், லாரி நிற்கும் இடத்தில், சுவரோரமாகச் சில சாமான்கள் கிடந்தன. ஒரு செங்கல், உடைந்த பக்கெட், இன்னொரு செங்கல், நாலாவதாக அந்தக் கல், அதற்குப் பின்னால் மறுபடி செங்கல். இரண்டு கையாலும் தூக்குகிற அளவு. நீலம் கலந்த கறுப்பு. முதுகெல்லாம் மடிப்பு மடிப்பாக வரிகள், குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு. இரண்டு மாதமாக நான் பிரின்ட் பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்த அதே மலை.

இரண்டு பக்கமும் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் என்னால் மறைக்க முடியவில்லை. தெருவில் சும்மா கிடக்கிற கல்லை எடுப்பவன் எதற்காக இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்? பார்த்தேன், ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் வைத்தேன், வந்துவிட்டேன்.

"ஏது இது?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்தார். அவங்களுக்குப் பல்லாவரத்துல ஜல்லி கிரஷர் இருக்கு." வாய் கூசாமல் வந்தது.

கல்லின் மேல் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரைக் கெடுத்துவிடும். நுரைக்கவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். அடியில் செம்மண், மேலே சலித்த பொடிமணல், பின்பக்கம் மேடு, முன்பக்கம் சரிவு. பெரிய கல்லை மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைத்து, சாய்த்து, எழுந்துபோய் சோபாவில் உட்கார்ந்து பார்த்து, திரும்ப வந்து ஒரு விரல்கடை திருப்பி, மறுபடி போய் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு புல். நாலு நாலு தாளாகப் பிரித்து, மனைவியின் புருவம் எடுக்கிற இடுக்கியால், விரல் அகல இடைவெளியில் நட்டேன். கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு தட்டை மண்மேல் வைத்து, மண் கலங்காமல் அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். தண்ணீர் ஏற ஏற கல்லின் நிறம் ஆழமாகிக்கொண்டே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஷேவ் செய்துகொண்டிருந்தபோது தெருமுனையில் சண்டை. இஸ்திரிக்காரம்மாவின் குரல் ஜன்னல் வரைக்கும் வந்தது.

"சனிக்கெழம காலீல லாரி போனதும் நானே வச்சேன், நாலாவதா. கல்லுக்கு இன்னா காலா மொளச்சிது? என் பின்னாடி உன் செங்கல்லுதான் கீது. நீதான் தூக்கி எறிஞ்சிருக்க."

"உன் கல்ல தூக்கி நான் இன்னா கொழம்பா வைக்கப்போறேன்?" இது பூ விற்கிற பெண். இஸ்திரிக்காரம்மாவுக்குப் பக்கத்து வீடு. எங்கள் வீட்டுக்கும் சாயங்காலம் மல்லிகை கொண்டுவந்து கொடுப்பவள்.

என் மனைவி வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "பாவம், அந்த அக்காவோட கல்லைக் காணோமாம். கடைசிக்குப் போகச் சொல்லிட்டாங்க, லாரியில தண்ணி தீந்துபோச்சு."

"கல்லா?"

"கொடத்த வச்சா யாராவது தூக்கிட்டுப் போயிடறாங்கன்னு எடம் பிடிக்கக் கல்லு வைக்கிறாங்க இல்ல? ஒவ்வொருத்தர் கல்லும் எல்லாருக்கும் தெரியுமாம். இவங்களோடதுல வெள்ளையா கோடு இருக்குமாம், பூணூல் கல்லுன்னு பேராம். மூணு வருஷமா இந்தத் தெருவுலதான இருக்கீங்க?"

முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு நின்றேன். தெரியாது என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தச் செங்கல்லும் பக்கெட்டும் ஏன் ஒரே வரிசையில் நிற்கின்றன என்று அன்றைக்கு மத்தியானம் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை அங்கேயே அமுக்கிவிட்டுக் கல்லைத் தூக்கினேன்.

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? புல் நட்டாகிவிட்டது. காரணம் இதுதான், வேறு ஒன்றுமே இல்லை. கல்லை எடுத்தால் மேடு சரியும், புல் மிதக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வீணாகும்.

அந்தச் சண்டையில் போனது இடம் மட்டுமல்ல. கரிப்பெட்டி சூடேறிவிட்டால் இஸ்திரிக்காரம்மா வண்டியைவிட்டு நகர முடியாது. அதனால் லாரி வருகிற நாளில் அவருடைய குடங்களையும் பூக்காரிதான் பிடித்துவைப்பாள். இனி அதுவும் கிடையாது. இருவரும் முகம் பார்க்காமல் போனார்கள். லாரி ஹாரன் கேட்டதும் இவர் பாதி தேய்த்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். இரண்டு முறை ஒரு குடத்தோடு திரும்பியதைப் பார்த்தேன். ஒருமுறை வெறும் குடத்தோடு.

"நம்ம போர்லேர்ந்து அவங்களுக்கு டெய்லி ரெண்டு கொடம் குடுத்தா என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"ஒருத்தருக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும். போர் வத்திப்போனா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

இதைச் சொன்ன வாயால்தான் அன்று சாயங்காலம் டியூபை உறிஞ்சி, தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரை வெளியேற்றினேன். புது மண்ணுக்கு முதல் மாதம் அப்படித்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், லாரி வருகிற மாதிரியே. ஒவ்வொரு தடவையும் நாலைந்து குடம் தண்ணீர் ஜன்னல் வழியாகக் குழாயில் இறங்கி, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துக் கால்வாயில் ஓடியது.

"இன்னா சார், டேங்கு ரொம்பிப் போவுதா?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"ஆமாம்மா, வால்வு சரியில்ல" என்றேன்.

நான் ஒன்றும் செய்யாமல் இல்லை, ஒன்று செய்தேன். அது இதையெல்லாம்விடக் கேவலம். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், பெரிய கல்லுக்காக அலைந்தபோது கொண்டுவந்து சரிப்படாமல் மிச்சமிருந்த கற்களில் கொஞ்சம் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், அந்த நாலாவது இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். கல் போனது, கல் வந்துவிட்டது. இன்ஜினியர் மூளை. மறுநாள் காலையில் அந்தக் கல்லை நடுத்தெருவில் உருட்டிவிட்டிருந்தார்கள். ஊர் பேர் தெரியாத கல்லுக்கு அங்கே இடம் கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"காணோம் காணோம்னு என்னத் திருடின்னு சொல்ட்டு, இப்ப புதுசா ஒண்ண முன்னாடி சொருவிகினியா?" பூக்காரி கேட்டாள். மற்றவர்களும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

"என் பசங்க மேல சத்தியமா அது நான் வைக்கல." இஸ்திரிக்காரம்மாவின் குரல் உடைந்துவிட்டது. அதுவரை கல்லைப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து குறுக்கே புகப் பார்த்தவர். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனேன். ஹாரன்கூட அடித்தேன், வழிவிடச் சொல்லி.

புல் பிடித்துக்கொண்டது. பக்கவேர் விட்டு, கல்லின் அடியைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று படர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி குரோம்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எப்போதும் கேட்டிலேயே துணியைக் கொடுத்துவிட்டுப் போகிற இஸ்திரிக்காரம்மா, கூப்பிட்டுப் பார்த்து யாரும் வராததால் உள்ளே வந்துவிட்டார். நான் இடுக்கியும் கையுமாகத் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

துணிமூட்டையை நாற்காலியில் வைத்தார். நிமிர்ந்தார். தொட்டியில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிந்தது.

கேட்டுவிடுவார், கேட்டுவிடட்டும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மீனு இல்லியா சார்?"

"இனிமேதான் விடணும்."

"எத்தினி கொடம் புடிக்கும் இது?"

"நாலஞ்சு."

கண்ணாடியை மேலும் கீழுமாகப் பார்த்தார். குடம் சுமக்கிறவர் கண்ணுக்கு அளவு தப்பாது. "பத்து இருக்கும் சார்" என்றார். கண்ணைக் கல்லுக்கு இறக்கி, "அப்ப கல்லுக்குத்தான் தண்ணி" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார். பிறகு, "சட்ட பதினொண்ணு, பேண்ட் நாலு. அம்மாகிட்ட சொல்டுங்க" என்று போய்விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்கிற துணிச்சல்கூட எனக்கு இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

மறுநாள் லாரி வருகிற நாள். காலையில் தொட்டிக்குள் முழங்கைவரை விட்டுக் கல்லைப் பிடுங்கினேன். வேர்கள் அறுபட்டன, மேடு சரிந்தது, தொட்டி முழுக்கச் செம்மண் கலங்கி ஒன்றுமே தெரியாமல் போயிற்று. ஈரக் கல்லைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். சொல்ல வேண்டியதை மனதில் தயார் செய்துவைத்திருந்தேன். நான்தான் எடுத்தேன். தெரியாமல் எடுத்தேன். மன்னித்துவிடுங்கள். மூன்றே வாக்கியம்.

தெருமுனையில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். லாரி இன்னும் வரவில்லை. கல்லைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐய, நம்ம பூணூல் கல்லு" என்றாள் பூக்காரி. "எங்க சார் கெடச்சிது?"

"எங்க வீட்டுக் கால்வாய் ஓரமா கெடந்துச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தயார் செய்த மூன்று வாக்கியமும் எங்கே போயின? அத்தனை முகங்களைப் பார்த்ததும் நாக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கல்லைக் கீழே வைத்தேன். பூக்காரி குனிந்து நகத்தால் சுரண்டினாள். வரிகளுக்குள் பாசி படிந்திருந்தது. அடியில் ஒரு இடுக்கில் நாலு தாள் புல் வேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஊரே காஞ்சி கெடக்குது. இது இன்னா இப்டி பச்ச புடிச்சி கீது?" என்றாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இஸ்திரிக்காரம்மா வண்டியிலிருந்து வந்தார். கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் பாசியை அழுத்தித் துடைத்தார். இடுக்கிலிருந்த புல்லைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"சார் வூட்டு டேங்கு தண்ணி அந்தக் காவாயிலதான போவுது. ஈரத்துல கெடந்தா பச்ச புடிக்காதா?" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து பூக்காரியின் கையைப் பிடித்தார். "எதுனா நாயி கீயி உருட்டிகினு போயிருக்கும். நாந்தான் கண்ண மூடிகினு உன் பேர சொல்ட்டேன். தப்புதான். மன்ச்சிக்கோ."

அத்தனை பேர் நடுவில், நான் செய்த தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசு என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவருடைய வண்டி என் சுவரில் சாய்ந்து, என் மரத்தின் நிழலில் நின்றுகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

"வுடுக்கா. கல்லு கெடச்சிச்சி இல்ல" என்று பூக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்லைத் தூக்கித் தன்னுடைய செங்கல்லுக்கு முன்னால், நாலாவது இடத்தில், அவளே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினாள்.

"வேற யாருனா இருந்தா பாத்தும் பாக்காத மாதிரி பூடுவாங்க. நீங்களா தூக்கியாந்து குட்த்தீங்களே சார். நல்லா இருக்கணும் நீங்க."

"பரவாயில்லம்மா, இதுல என்ன இருக்கு" என்று நானும் பதிலுக்குக் கையைக் கூப்பினேன்.